கீழக்கரையில் துறைமுகம் எங்கே இருந்தது?

கேள்வி
பதிவிட்டவர்: ஈரோட்டு வாத்தியார்

வணக்கம். நான் ஈரோடு பக்கம். மாற்றலாகி வந்து ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள், கடல் வாணிபம் நடந்த பழைய ஊர் எதற்காவது கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. பாம்பன் பாலம், தனுஷ்கோடி எல்லாம் பிள்ளைகள் பலமுறை பார்த்த இடங்கள். அதனால் கீழக்கரை என்று முடிவு செய்தேன்.

முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கடற்கரைக்குப் போனால் ஜெட்டி இருக்கிறது, நாட்டுப்படகுகள் நிற்கின்றன, வலை காய்கிறது. அலைச் சத்தமே இல்லை. பண்டகசாலை, பழைய சுங்க அலுவலகம், கப்பல் கட்டிய துறை என்று சுட்டிக்காட்ட ஒன்றும் கண்ணில் படவில்லை. சீதக்காதி காலத்தில் மிளகும் முத்தும் ஏற்றி இறக்கிய ஊர் என்று படித்திருக்கிறேன். ஊருக்குள் நுழைந்தால் உயரமான மதில்கள், குறுகிய சந்துகள், சாத்திய கதவுகள். யாரிடம் போய் என்னவென்று கேட்பது? திரும்பிவிட்டேன்.

இந்த ஊரில் துறைமுகம் எங்கே இருந்தது? பிள்ளைகளுக்கு எதைக் காட்டி இது கடலோடிகள் ஊர் என்று சொல்வது? ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில் 1
பதிவிட்டவர்: சேதுச்சீமை

சார், அந்த ஒரு நாள் பயணத்தை ராமநாதபுரத்திலேயே தொடங்குங்கள். அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. இந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி கட்டியது. உள்ளே சுவர் முழுக்க ஓவியம், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தது, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதில் சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கிற காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கீழக்கரை யாருடைய துறை என்பது அங்கேயே பிடிபட்டுவிடும்.

இந்தச் சீமையில் நெல் வருமானம் வைகையையும் கண்மாயையும் நம்பியது. வானம் பொய்த்தால் கஜானா காலி. முத்தும் சங்கும் மழையைப் பார்த்து விளைவதில்லை. சேதுபதிகள் டச்சுக்காரர்களோடு அத்தனை ஒப்பந்தம் போட்டதன் பின்னணி இதுதான். கீழக்கரையில் டச்சுக்காரருக்குப் பண்டகசாலையே இருந்தது.

போகிற வழியில் திருப்புல்லாணியில் இறங்க மறக்காதீர்கள். பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று அந்தக் கோயிலில் உண்டு. இந்தக் கரையில் இருந்த பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் ‘சோனகச் சாமந்தப் பள்ளி’ என்ற பள்ளிவாசலுக்கு நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது. பெருமாள் கோயில் கல்லில் பள்ளிவாசலின் கொடைச் செய்தி. கடல் வாணிபம் அரசனுக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஒரு விஷயம் மட்டும் கவனம். கீழக்கரைப் பழைய பள்ளிவாசல் நபிகள் காலத்திலேயே ஏமன் வணிகர்கள் எழுப்பியது என்று ஊரில் சொல்வார்கள். அதை ஊர் நம்பிக்கை என்றே மரியாதையோடு சொல்லுங்கள். கல்வெட்டுச் செய்தியைக் கல்வெட்டுச் செய்தியாகச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

பதில் 2
பதிவிட்டவர்: நடுத்தெரு டீச்சர்

தம்பி, நான் கீழக்கரையில் பிறந்து, கீழக்கரையிலேயே பெண் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் கரையில் தேடிய துறைமுகம் அங்கே இருக்காது. கல்லில் கட்டிய துறைமுகம் இங்கே என்றுமே இருந்ததில்லை. கடலுக்கு முகம் கொடுத்து நின்று பாருங்கள். எதிரே முல்லித் தீவு, வாழைத் தீவு, தலையாரித் தீவு, அப்பா தீவு, ஆனைப்பார் என்று வரிசையாகத் தீவுகள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒரு கூட்டம் எங்கள் ஊருக்கு நேரே கிடக்கிறது. சுற்றிலும் பவளத்திட்டு. அதனால் கரையோரம் ஆழமே கிடையாது. வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். பெரிய கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியிலும் வத்தையிலும் வந்து சேரும். கடைசித் தூரம் ஆள் தலையில், தோளில். இப்படி நடந்த துறையில் பின்னால் வருகிறவர் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?

அலைச் சத்தம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் அந்தத் தீவுகளின் புண்ணியம்தான். 2004 சுனாமியில் நாகப்பட்டினமும் கடலூரும் பட்டபாடு இந்தக் கரை படவில்லை. இலங்கை மறைத்தது பாதி, பவளத்திட்டு தாங்கியது பாதி. பெரிய கப்பலைக் கரைக்கு விடாத அதே திட்டுதான் ஊரைக் காப்பாற்றிக்கொண்டும் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குக் கரையில் நிறுத்திவைத்தே சொல்லுங்கள்.

அப்புறம் காற்று. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில் எங்கள் தென்கடல் கலங்கும், பாம்பனுக்கு அந்தப்பக்கம் வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று வந்தால் நேர்மாறு. எந்தக் காற்றில் கிளம்பி எந்தக் காற்றில் திரும்புவது என்பதை வைத்துத்தான் இந்த ஊரில் கல்யாணமே பேசினார்கள். ஆண்கள் போனால் மாதக்கணக்கு. கொழும்பு, காலி, பினாங்கு, ரங்கூன், பிற்காலத்தில் ஹாங்காங் வரைக்கும். ஊரில் இருந்தது பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும்.

நீங்கள் பார்த்த மதிலும் சந்தும் இதிலிருந்து வந்தவை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு என்று தகப்பன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கடலுக்குப் போகிற மனிதன் எப்போது திரும்புவான் என்று யாருக்குத் தெரியும்? அவன் இல்லாத நாளில் அவன் மனைவி மாமியார் வீட்டு மூலையில் ஒடுங்கி நிற்காமல், தன் உம்மாவோடும் தங்கைகளோடும் தன் சொந்தக் கூரையின் கீழ் இருக்கட்டும் என்று ஏற்பட்ட ஏற்பாடு இது. என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன், கீழக்கரை கடலுக்குக் கொடுத்த மிக நல்ல பதில் இந்த வழக்கம்தான். அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவில் கதவு வைத்துக் கட்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. தெருவுக்கே வராமல் நாலு வீடு போய் வரலாம். வெளியூர்க்காரர்கள் இதைப் பூட்டிய ஊர் என்று நினைப்பது எனக்கு மன வருத்தம். கதவுக்கு உள்ளே வந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பழைய வீட்டுச் சுவர் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். முற்றத்துப் பக்கம் மழை அடித்துப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் தெரியும். விரலை வைத்துத் தடவினால் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது என்று என் உம்மம்மா சொல்வார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் என்று பவளத்தை வெட்டி எடுத்த காலம் அது. இன்று அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 1986ல் தீவுகளைத் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். தீவில் இறங்க அனுமதி கிடையாது, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, கண்ணால் பார்க்க எது என்று கேட்டீர்கள். நடுத்தெரு ஜும்மா பள்ளிவாசல். வள்ளல் சீதக்காதி 17ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தது. வெளியில் நின்று பார்த்தால் பாண்டிய நாட்டுக் கோயில் மண்டபமோ என்று நினைப்பீர்கள். கருங்கல் தூண், மேலே விட்டத்தைத் தாங்குகிற போதிகை, போதிகையில் பூ மொட்டு. உருவம் மட்டும் எங்கேயும் இல்லை; கொடியும் பூவும்தான். கோயிலுக்குத் தூண் செதுக்கிய மரபில் வந்த கைகள் இறைவனைத் தொழ இன்னொரு மண்டபம் செய்து கொடுத்திருக்கின்றன. நான் பாடம் எடுத்தபோது பிள்ளைகளைத் தூணுக்கு ஒருவராக நிறுத்தி, ‘உன் தூணில் என்ன பூ, எத்தனை இதழ், வரைந்து கொண்டு வா’ என்பேன். பாடப்புத்தகத்தில் வரும் ‘திராவிடக் கட்டடக் கலை’ என்ற சொல் அன்றைக்கு அவர்களுக்குக் கண்ணால் பார்த்த பொருளாகிவிடும்.

சீதக்காதியைப் பற்றி ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழியோடு நிறுத்திவிடாதீர்கள். அவருடைய இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். கிழவன் சேதுபதி தன் பெயரிலிருந்தே எடுத்து விஜய ரகுநாத பெரியதம்பி மரைக்காயர் என்று பட்டம் கொடுத்தார். டச்சுக்காரர் பதிவுகளிலும் ஆங்கிலேயர் பதிவுகளிலும் பெரியதம்பி மரைக்காயர் என்ற பெயர் வருகிறது. மிளகுக்காக அவரிடம் பேச்சு நடத்தியிருக்கிறார்கள். படிக்காசுப் புலவர் அவரைத் தேடி வந்தார். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியதும் இவர் ஆதரவில்தான். அதே காலத்தில் இந்த ஊரில் மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பா இருந்தார், 1632ல் பிறந்து 1703ல் மறைந்தவர். அடக்கத்தலம் இங்கேதான். கப்பலும் புலமையும் அரசனின் நட்பும் ஒரே தெருவில் சேர்ந்து நடமாடிய காலம் அது.

இன்னொன்று, கண்ணில் படாதது. என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் வாப்பாவுக்கு வாரம் தவறாமல் தமிழில் கடிதம் எழுதுவார்கள், அரபு எழுத்தில். தமிழ் ஒலிகளுக்கென்று கூடுதலாகப் புள்ளி வைத்த எழுத்துகள் அதில் உண்டு. அரபுத்தமிழ் என்போம். 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இந்த ஊரில் அரூஸிய்யா மதரஸாவை நடத்தினார். 1898ல் காலமானார். அரபுத்தமிழில் நிறைய எழுதியவர், இலங்கைக்கும் இங்கேயுமாகப் போய்வந்துகொண்டே இருந்தவர். பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ பெண்கள் இந்த எழுத்தில்தான் படித்தார்கள், வீட்டுக்கணக்கு எழுதினார்கள், கடலுக்கு அந்தப்பக்கம் இருந்த கணவனிடம் சண்டையும் போட்டார்கள். உம்மாவின் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வலமிருந்து இடமாக ஓடுகிறது, வாசித்தால் அச்சு அசல் கீழக்கரைப் பேச்சு: கிணற்றுத் தண்ணீர் கரித்துவிட்டது, சின்னவளுக்குக் காது குத்த வேண்டும், வரும்போது ஏலக்காய் வாங்கி வரவும்.

வாப்பாவுக்குக் கொழும்பு பேட்டையில் கடை. ரயில் மண்டபம் ஊர் வரை வந்து, 1914ல் பாம்பன் பாலமும் திறந்த பிறகு கீழக்கரைத் தோணிகளின் வேலை தேய்ந்துவிட்டது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னார். சரக்குக்குத் தூத்துக்குடி. ஆனாலும் கொழும்பு எங்களுக்கு அயல்நாடு என்ற எண்ணமே வந்ததில்லை. 1948ல் இலங்கை குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் கொண்டுவந்த பிறகுதான் அந்த எண்ணத்தை நாங்கள் பழக வேண்டியிருந்தது. அடுத்த தெருவுக்குப் போவதைப் போலப் போய்வந்த ஊருக்கு பாஸ்போர்ட், விசா. 1964 புயலில் தனுஷ்கோடியும் போயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. கடையை மூடிவிட்டு வந்த வாப்பா கடைசிவரை நேரம் கேட்டால் ‘கொழும்பிலே இப்ப அசர் ஆகியிருக்கும்’ என்று அங்கத்து மாலைத் தொழுகை நேரத்தைத்தான் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கு வாயில் ருசியாக ஏதாவது வேண்டுமே. தொதல் வாங்கிக்கொடுங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சீனி, நெய், முந்திரி. பெரிய உருளியில் ஊற்றி மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், மணிக்கணக்காக. தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வரும், மாவு துடுப்பில் ஒட்டாமல் சுருண்டு விழும், அப்போதுதான் பதம். ஒரு ஆள் கை ஓய்ந்தால் அடுத்த ஆள் வாங்கிக்கொள்வார். மலாய் நாட்டுக் கரையிலும் இலங்கையிலும் இதே பண்டம் இருக்கிறது. வட்டலப்பமும் அப்படித்தான். பனையும் தேங்காயும் எங்களுடையது, பக்குவம் கடல் வழியே வந்தது. துறைமுகம் எங்கே என்று கேட்டால் நான் அடுப்படியையும் காட்டுவேன்.

பதில் 3
பதிவிட்டவர்: பெரியபட்டினத்தான்

டீச்சர் ராத்தா எழுதியதை எங்கள் வீட்டில் உரக்கப் படித்தோம். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது, அதை நான் சொல்ல வேண்டும். என் வாப்பா சங்கு குளித்தவர்.

கப்பல் வைத்திருந்தவர்கள் பெயர் பள்ளிவாசலில் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கினவன் பெயர் எங்கே இருக்கிறது? 1900களின் தொடக்கத்தில் இலங்கை மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது கீழக்கரையிலிருந்து ஆட்கள் திரண்டு போனார்கள். தூத்துக்குடிப் பரதவர்களும் அரபிகளும் அவர்களோடு குளித்தார்கள். மதராஸ் அரசுக்காக முத்தையும் சங்கையும் கவனித்த ஜேம்ஸ் ஹார்னெல் கீழக்கரை ஆட்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். ‘கீழக்கரைக் குளியாளிகள்’ என்று மொத்தமாக ஒரு பெயர், அவ்வளவுதான்.

சார், பிள்ளைகளுக்குச் சங்கைப் பற்றிச் சொல்லுங்கள். சங்கு மணலில் கிடக்கும். நகர்ந்தால் மணலில் கோடு விழும். வாப்பா அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் போவார். தடம் புதிதா பழையதா என்று மேலிருந்தே தெரியும் என்பார். அந்தக் காலத்தில் கல்லைக் காலில் மாட்டி, கயிற்றோடு இறங்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில்தான் உயிர். வாப்பா காலத்தில் கண்ணாடி வந்துவிட்டது, காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு துடுப்புப் போல அடித்து இறங்குவார்கள். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம்; பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். வாப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே வலது காது கேட்காது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எங்களை இடப்பக்கம் உட்காரச் சொல்வார்.

எடுத்த சங்கை அளப்பதற்குத் துளை போட்ட பலகை இருக்கும். துளை இரண்டேகால் அங்குலம், இப்போது 57 மில்லிமீட்டர் என்று சட்டத்தில் எழுதியிருப்பது அதுதான். துளைக்குள் நுழைந்து விழுகிற சங்கு குஞ்சு. அதைக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். நிற்கிற சங்குதான் கணக்கில் சேரும். அட்டையில் அதே அளவுக்குத் துளை வெட்டி வகுப்பில் வைத்தால் பிள்ளைகளே அளந்து பார்த்துக்கொள்வார்கள். இங்கிருந்து சங்கு வங்காளத்துக்குப் போகும். டாக்காவிலும் கல்கத்தாவிலும் அறுத்து வளையல் செய்வார்கள். அங்கே கல்யாணமான இந்துப் பெண் சங்கு வளையல் போட வேண்டும். எங்கள் வாப்பா மூச்சடக்கி எடுத்தது எங்கேயோ ஒரு மணப்பெண் கையில் இருக்கிறது என்று உம்மா சொல்லும்போது வாப்பா முகத்தைப் பார்க்க வேண்டும்.

2001ல் கடல் அட்டையைப் பிடிக்கக் கூடாது என்று தடை வந்தது. சங்கு கிடைக்காத நாளில் அட்டைதான் அடுப்பு எரிய வைத்தது. அட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. குளித்துப் பிழைத்தவனுக்கு அடுத்து என்ன வழி என்று ஒரு பேச்சும் இல்லாமல் போனதுதான் வேதனை. ஆட்கள் கட்டட வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். சிலர் கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள், அதில் முடங்கிப்போனவர்களும் உண்டு. கரையோரம் பெண்கள் பாசி எடுக்கிறார்கள், மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பிய்க்க வேண்டும். அதுவும் கடலோடி வேலைதான், அந்தப் பெண்களையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

எங்கள் ஊருக்கும் வாருங்கள். 1980களில் ஜப்பான் அறிஞர் நொபொரு கராஷிமா தமிழ்நாட்டு அறிஞர்களோடு வந்து இங்கே ஆய்வு செய்தார். சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன, 13, 14ஆம் நூற்றாண்டு. சின்ன வயதில் கொல்லையில் நாங்கள் தட்டாங்கல் ஆடிய பளபள ஓடு எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகுதான் புரிந்தது.

பதில் 4
பதிவிட்டவர்: ஈரோட்டு வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அட்டையில் 57 மில்லிமீட்டர் துளை வெட்டி வைத்துவிட்டேன், சங்குதான் வேண்டும். பெரியபட்டினத்து அண்ணே, உங்கள் வாப்பா பிள்ளைகளிடம் பேசுவாரா? அல்லது அவரோடு குளித்தவர் யாராவது?

டீச்சர் அம்மா, பள்ளிவாசலுக்குள் எல்லாப் பிள்ளைகளும் வரலாமா? பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஒரே நாளில் ராமலிங்க விலாசம், திருப்புல்லாணி, கீழக்கரை, பெரியபட்டினம் நான்கும் முடியுமா?

பதில் 5
பதிவிட்டவர்: பெரியபட்டினத்தான்

வாப்பா மூன்று வருடம் முன்பு மவுத்தாகிவிட்டார் சார். அவரோடு ஒரே வத்தையில் போன பெரியவர் ஒருவர் இருக்கிறார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அவர் சொல்வதைப் பிள்ளைகள் எழுதி எடுக்கட்டும். சங்கு நான் கொண்டு வருகிறேன். துளையில் விழுகிறது ஒன்று, நிற்கிறது ஒன்று, இரண்டும் வீட்டில் இருக்கின்றன.

பதில் 6
பதிவிட்டவர்: நடுத்தெரு டீச்சர்

பெரியபட்டினத்துத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் எழுதியது கரையில் காத்திருந்தவர்கள் கதை. குளித்தவர்கள் கதை இல்லாமல் அது முழுமையாகாது. எங்கள் வீடுகளின் தேக்குத் தூணுக்கு யார் மூச்சு விலையாகப் போனது என்று நானும் வகுப்பில் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் பதில் சொல்லத் தயங்குவார்கள். தயங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி.

வாத்தியார் தம்பி, நான்கு இடமும் ஒரே நாளில் வேண்டாம். பிள்ளைகள் பஸ்ஸில் தூங்குவதுதான் மிச்சமாகும். ராமலிங்க விலாசத்தை இன்னொரு நாளைக்கு வையுங்கள், அது உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் திருப்புல்லாணி, வெயில் ஏறுவதற்குள் கீழக்கரை, மதியத்துக்கு மேல் பெரியபட்டினம் என்றால் சரியாக வரும்.

பள்ளிவாசலுக்கு ஜமாத்தில் முன்பே சொல்லிவிட வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மாவுக்குக் கூட்டம் நிறைந்திருக்கும். மற்ற நாளில் காலை பத்து மணி சுமாருக்கு வந்தால் லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு முன் நிதானமாகத் தூண்களைப் பார்க்கலாம். செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் தலையில் துப்பட்டா போட்டுக்கொள்ளட்டும். எதுவரை உள்ளே போகலாம் என்று பொறுப்பாளர்கள் சொல்கிறபடி நடந்துகொள்வோம். தொழுகிற இடம் அல்லவா? வெளி மண்டபத் தூண்களே பிள்ளைகள் வரைவதற்குப் போதும்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். உம்மாவின் கடிதத்தை எடுத்து வைக்கிறேன், அரபு எழுத்து தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் அதுவே வாசிக்கட்டும். பவளக்கல் சுவரையும் பூச்சு உதிர்ந்த இடத்தில் தொட்டுப் பார்க்கலாம், பெயர்த்து எடுக்க மட்டும் விட மாட்டேன். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், எங்கள் ஊர்க் கிணறு இன்னும் கரிப்புதான், காவிரிக் குழாயில் எந்த நேரம் தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது. எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள், அதற்குத் தக்கபடி தொதல் சொல்லி வைக்கிறேன்.